கீழ்த்தட்டு வெள்ளை

அன்று வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நாகமலை புதுக்கோட்டையில் ஹெப்சிபா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் கைமேல் விழுகிற மாதிரி, பாண்டிமீனா தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். நான்கு தெரு தள்ளி ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருப்பவள். மெஷினை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, பக்கத்து வீட்டு ஸ்யாமளா. முழங்கால் வலிக்காக நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தாள். மேசையின் கால்பக்கம் ஹெப்சிபாவுக்கு ஒரு ஸ்டூல் உண்டு. ஆனால் துணி வெட்டுகிறவள் அவள் என்பதால் ஆரம்பத்திலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தாள். நான்காவது நாற்காலியில் பழந்துணி மூட்டை இருந்தது.

அடுத்த மாதம் அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், கோழி, அதிரசம் என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து ஏலத்தில் வைப்பார்கள். ஹெப்சிபா வருடா வருடம் முறுக்குதான் கொடுப்பாள். இந்த வருடம் வாய் சும்மா இருக்காமல், பழைய துணிகளை வெட்டி ஒட்டி ஒரு பெரிய போர்வை தைத்துத் தருகிறேன் என்று கமிட்டியில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது எத்தனை சதுரம், எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்துப் பயந்தாள். அந்தப் பயத்தைத் தீர்த்தவள் பாண்டிமீனா.

"அக்கா, சதுரஞ் சதுரமா அளந்து வெட்டுனீங்கன்னா அடுத்த வருசப் பண்டிகைக்குத்தான் முடியும். ஒவ்வொண்ணா வெட்டவே கூடாது. எட்டு மடிப்பா அடுக்கி, ஸ்கேலை அமுக்கிப் பிடிச்சு, இந்தச் சக்கரத்தை ஒரு இழு இழுங்க. எட்டுப் பட்டை ஒரே நேரத்துல வந்துரும். ரெண்டு நிறப் பட்டையை நீளவாக்குல நான் ஒட்டித் தாரேன். அதைக் குறுக்க வெட்டுனா சோடி சோடியா சதுரம் ரெடி."

அவள் சொன்ன சக்கரம், கைப்பிடி வைத்த வட்டக் கத்தி. மேசை கீறாமலிருக்க அடியில் பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பி விரித்திருந்தார்கள். மெஷினிலும் அவளுக்கு ஒரு வழி இருந்தது. ஒரு ஜோடி தைத்து முடிந்ததும் நூலை வெட்டமாட்டாள். காலை எடுக்காமல் அடுத்த ஜோடியை உள்ளே தள்ளுவாள். தைத்ததெல்லாம் நூலில் தொங்கிக்கொண்டு தோரணம் மாதிரி மெஷினுக்குப் பின்னால் தரையில் இறங்கும். ஸ்யாமளா அதைத் துண்டு துண்டாக வெட்டி, தையலை ஒரு பக்கம் சாய்த்து இஸ்திரி போடுவாள்.

"எங்காத்துக்காரர் சட்டை ஒம்பது கொண்டுவந்திருக்கேன்," என்றாள் ஸ்யாமளா. "மேல போட்டுண்டிருக்கறது ஒண்ணுதான் பாக்கி. அதையும் கழட்டச் சொன்னா கழட்டிண்டு வந்துருவேன்."

"வேணாம் மாமி, சார் பாவம். பேங்க்ல ரிட்டயர் ஆனவரைப் போர்வை ஆக்கிட்டீங்கன்னு பேரு வந்துரும்."

கட்டம் போட்ட நீலச் சட்டைகளுக்கு எடுப்பாக ஒரு வெள்ளை வேண்டியிருந்தது. அதுவும் ஹெப்சிபாவிடம் இருந்தது. மாமியாரின் பீரோவில் கீழ்த்தட்டில், தலையணை உறைக்குள் மடித்து வைத்திருந்த பழைய வெள்ளைச் சேலை. மெல்லிய நூல், கைக்கு வழுக்குகிற மாதிரி நைந்த மிருது, ஓரத்தில் விரற்கடை ஜரிகை. முதலில் இரண்டு கரையையும் நீளவாக்கில் எடுத்து, தலைப்பையும் தனியே வெட்டி ஒதுக்கி வைத்தாள். மீதியை எட்டு மடிப்பாக அடுக்கினாள். ஏழு இழுப்பு. ஐம்பத்தாறு பட்டை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எம்புட்டு லேசு பாத்தீங்களா," என்றாள் பாண்டிமீனா.

பன்னிரண்டு வெள்ளைப் பட்டைகள் நீலத்தோடு ஒட்டப்பட்டு, இஸ்திரியாகி, குறுக்கேயும் வெட்டப்பட்டுச் சதுரங்களாகியிருந்தபோது ஹெப்சிபாவின் போன் அடித்தது. நாகர்கோவிலிலிருந்து ஆஷ்லின். ஹெப்சிபாவின் நாத்தனார். மாமியார் மரியம்மாள் இரண்டு மாதமாக அவள் வீட்டில்தான் இருக்கிறார். திங்கட்கிழமை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேஸ்மேக்கர் வைக்கப்போகிறார்கள். சின்ன வேலை, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"மதினி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

மரியம்மாளுக்குக் காது மந்தம். போனை ஒட்டினால் காதுமெஷின் கீச்சிடும் என்பதால், எட்ட உட்கார்ந்து, முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் பேசிய தொண்டையில் பேசுவார். "ஹெப்சிபா, நான் சொன்ன வெள்ளையை எடுத்து வச்சுட்டியா?"

"வச்சுட்டேன் அத்தை," என்றாள் ஹெப்சிபா கத்தியை மேசையில் வைத்தபடி. "நல்லா உபயோகமா..."

அந்தப் பக்கம் அது காதில் விழவில்லை. மரியம்மாள் தன்போக்கில் பேசினார். "சனிக்கிழமை ஜெரால்ட் வரும்போது கொடுத்து விடு. மடிப்புக் கலைக்காத. ரவிக்கை எங்கிட்ட இருக்கு. உங்க மாமாவை அவரு கல்யாணக் கோட்டோடதான பெட்டியில வச்சோம். என்னையும் அந்தச் சேலையோட வச்சிருங்க. வேற ஒண்ணையும் புதுசா வாங்கிப் போத்தி என்னை அனுப்பாதீங்க."

"சும்மா இரும்மா," என்றாள் ஆஷ்லின் இடையில். "சின்ன ஆபரேஷனுக்குப் போய் என்ன பேச்சு இது. மதினி, நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. ரெண்டு வாரமா இதே பாட்டுதான். எடுத்து வச்சாச்சா, எடுத்து வச்சாச்சான்னு. கல்யாணச் சேலை இங்க வந்து சேந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாகளாம்."

ஹெப்சிபா மேசையைப் பார்த்தாள்.

"எடுத்து வச்சுட்டியா?" என்றார் மரியம்மாள் மறுபடி, பதில் கேட்காததால்.

"வச்சிருக்கேன் அத்தை," என்றாள் ஹெப்சிபா. அவள் சொன்னாளா, பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னதா என்று அவளுக்கே தெரியவில்லை. போன் அணைந்தது.

பாண்டிமீனா மெஷின் காலை நிறுத்தியிருந்தாள். ஸ்பீக்கர் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டிருந்தது. வெள்ளையும் நீலமுமாகத் தோரணம் அவள் கணுக்காலைச் சுற்றிக் கிடந்தது. ஏதோ பூச்சி ஏறிய மாதிரி அவள் காலை உதறி விலகினாள்.

"அடிப் பாவி, முகூர்த்தப் புடவையா இது," என்றாள் ஸ்யாமளா மெதுவாக. "வெள்ளையா இருக்கேடி."

அந்தக் காலத்தில் சபையில் கல்யாணப் பெண்கள் வெள்ளைதான் கட்டினார்கள். அது ஹெப்சிபாவுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அவள் கல்யாணத்துக்கு அரக்குப் பட்டு. மாமியாரின் கல்யாணப் படம் கறுப்பு வெள்ளை. அதில் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும். பதினேழு வருடத்தில் அந்தச் சேலையை அவளுக்கு யாரும் விரித்துக் காட்டியதில்லை.

பிசகு எங்கே நடந்தது என்று யோசித்தாள். இரண்டு வாரத்துக்கு முன் இதே போனில், இதே ஸ்பீக்கரில், "அத்தை, ஏலத்துக்குப் போர்வை தைக்கணும், பழைய சேலை ஏதாச்சும் எடுத்துக்கவா?" என்று கேட்டாள். ஆஷ்லின் அதை அம்மாவின் காதருகே கத்தினாள். மரியம்மாளுக்குப் "பழைய சேலை" மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். "கீழ்த்தட்டுல தலகாணி உறைக்குள்ள வெள்ளை இருக்கு. அதை எடுத்து வை," என்றார். ஹெப்சிபா அதைப் போர்வைக்கு எடுத்து வை என்று காதில் வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னது அதுவல்ல. பயணத்துக்குப் பெட்டியை எடுத்து வை என்று சொல்வோமே, அந்த எடுத்து வை.

"பிரிச்சிரலாம்க்கா," என்றாள் பாண்டிமீனா. "தையலைப் பிரிக்கிறது ஒரு மணி நேரம். வெட்டாத பட்டை நாப்பத்தி நாலு இருக்கு. எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒட்டி, தலைப்பையும் கரையையும் சேத்தா..." விரலால் மேசையில் கணக்குப் போட்டாள். "நாலு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா வரும். நிக்கிறவங்களுக்குக் கட்டக் காணாது. படுத்திருக்கிறவங்களுக்குச் சுத்துறதுக்குன்னா..."

சொல்லவந்ததைப் பாதியில் விழுங்கிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மின்விசிறிக் காற்றில் ஒரு வெள்ளைப் பட்டை மேசை விளிம்புக்கு நகர்ந்து, தொங்கி, தரையில் விழுந்தது. ஹெப்சிபா அதைக் குனிந்து எடுக்கப் பயந்தாள். ஒருத்தி உயிரோடிருக்கும்போதே அவளைப் புதைக்கிற துணியை வெட்டினால் என்ன வரும் என்று எந்த வேதபாடத்திலும் சொல்லித் தரவில்லை. அப்படிச் சொல்லித் தராதது ஒன்று இருப்பதுதான் அவளை அதிகம் உலுக்கியது.

"விளக்குத்தூண் ஜவுளிக்கடைப் பக்கம் போனா இதே மாதிரி வெள்ளை கிடைக்கும்," என்றாள் ஸ்யாமளா. "நாலு தடவை அலசி, கொஞ்சம் கஞ்சி போட்டு, அந்த உறைக்குள்ளயே வச்சு அனுப்பிடு. ஆபரேஷன் முடியட்டும். அப்புறமா சொல்லிக்கலாம். இப்ப சொல்லி அவாளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கரையை மட்டும் கொடுங்க, புதுசுல நான் ஒட்டித் தாரேன்," என்றாள் பாண்டிமீனா. "ஒருத்தருக்கும் தெரியாது."

ஒரு மணிக்கு ஹெப்சிபாவின் கணவன் ஜெரால்ட் சாப்பிட வந்தான். பசுமலையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேசையைப் பார்த்தான்; மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஹெப்சிபா நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், ஆனாலும் நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. மற்ற இருவரும் சமையலறைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"முழுசுமா?" என்றான் ஜெரால்ட்.

"தலைப்பும் கரையும் முழுசா இருக்கு."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அம்மாவிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். இன்றைக்கும் அம்மாவின் குரல் கேட்டால் முழுக்கைச் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கிறவன். "மாமி சொல்றது சரி. புதுசு வாங்கிருவோம். அம்மாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"கைக்குத் தெரியும்ங்க. துணியை விரலுக்குள்ள வச்சு ஒரு தேய் தேய்ப்பாங்கள்ல, அப்பவே தெரிஞ்சுரும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற நேரத்துல தெரிஞ்சா?"

"தெரியாமப் போனா?"

"அதுக்குத்தான் இன்னும் பயமா இருக்கு," என்றாள் ஹெப்சிபா. "தெரியாமலே போய்ட்டாங்கன்னா, பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி எல்லாரும் பாத்து, கல்யாணச் சேலையோடயே போறாங்கன்னு சொல்வாங்க. நான் பக்கத்துல நிக்கணும்."

"அப்ப நீயே சொல்லிரு," என்றான் ஜெரால்ட். "சத்தியமா என்னால முடியாது ஹெப்சி. நான் சேலையில்லாம போய் நின்னேன்னு வையி, எங்கேன்னு ஒரு வார்த்தைதான் கேப்பாங்க. எனக்கு அங்கேயே மயக்கம் வந்துரும்."

"போன்ல எப்படிச் சொல்ல? ஆஷ்லின்கிட்டச் சொல்லணும், அவ கத்தணும். உங்க அம்மா சாகும்போது கட்டுறதை வெட்டிட்டேன்னு ஊருக்கே கேக்கக் கத்தணும்."

"வேற வழி?"

வழி ஒன்று இருந்தது. மரியம்மாளுக்கு வருகிற கடிதத்தை அந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். கொண்டை ஊசியால் உறையைக் கீறி, தனியாக உட்கார்ந்து, இரண்டு தடவை படிப்பார். காது கேளாத மாமியாரோடு ஹெப்சிபா தனியாகப் பேச முடிந்ததெல்லாம் கடிதத்தில்தான். இன்றைக்குப் போட்டால் சனிக்கிழமை போய்ச் சேரலாம். ஜெரால்ட் போய் இறங்குவதற்கு முன்பே அவர் படித்திருக்கலாம். படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லலாம். படிக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளலாம். எந்த டாக்டரிடம் கேட்பது, இதைச் சொல்லலாமா கூடாதா என்று?

மணி ஒன்றே முக்கால். தபாலாபீஸில் விரைவுத் தபால் மூன்று மணிவரைதான் வாங்குவார்கள்.

ஹெப்சிபா மேசையின் ஒரு மூலையைக் கையால் ஒதுக்கிக் காகிதத்தை வைத்தாள். முதல் வரியை எழுதினாள். முதல் தாளில் மன்னிப்பு என்ற சொல் ஐந்து இடத்தில் வந்துவிட்டது. என்ன நடந்தது என்பது ஓர் இடத்திலும் வரவில்லை. கிழித்துப் போட்டாள். இரண்டாவது தாளில் நடந்தது நடந்தபடி வந்தது.

"அன்புள்ள அத்தைக்கு, கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எடுத்து வைக்கச் சொன்ன வெள்ளைச் சேலையை நான் வெட்டிவிட்டேன். ஏலத்துக்குத் தைக்கிற போர்வைக்காக நீங்கள் கொடுத்ததாக நினைத்தேன். அது உங்கள் கல்யாணச் சேலை என்று இன்று காலை நீங்கள் போனில் சொல்லும்போதுதான் தெரிந்தது. அப்போது அது மேசைமேல் பட்டை பட்டையாக இருந்தது. நீங்கள் கேட்டதும் பயத்தில் வைத்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அதே மாதிரி வேறொன்று வாங்கி அனுப்பலாம் என்றும் பேசினோம். அனுப்பவில்லை.

தலைப்பும் இரண்டு கரையும் முழுதாக இருக்கின்றன. நாற்பத்துநான்கு பட்டைகள் நீளம் குறையாமல் இருக்கின்றன. பன்னிரண்டு சதுரமாகிவிட்டன. அவற்றையும் நீலத்திலிருந்து இன்றைக்கே பிரித்துவிடுவோம்; ஏலத்துக்கு உங்கள் துணியில் ஒரு நூலும் போகாது. இதை மறுபடி சேலையாக ஒட்டலாம், ஆனால் நான்கு விரலுக்கு ஒரு தையல் தெரியும். இல்லையென்றால் வெள்ளை முழுவதையும் சேர்த்து உங்களுக்கே ஒரு போர்வையாகத் தைக்கலாம். எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லுகிறவரை கத்தி வைக்கமாட்டேன்."

இங்கே பேனா நின்றது. எழுத வேண்டியது முடிந்துவிட்டது போலவும், எழுத வேண்டியதை இன்னும் தொடவே இல்லை போலவும் இருந்தது. ரெண்டு வாரமா இதே பாட்டுதான் என்று ஆஷ்லின் சொன்னது காதில் கிடந்தது. ரெண்டு வாரமாக ஒரு மனுஷி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். சின்ன ஆபரேஷன், சின்ன ஆபரேஷன் என்று எல்லோரும் அதன்மேல் மூடியைப் போட்டுப் போட்டு மூடியிருக்கிறோம். அவர் சேலையைக் கேட்கவே இல்லை. வேறொன்றைச் சொல்லியிருக்கிறார்.

"அத்தை, நீங்கள் எடுத்து வை என்று சொன்னபோது உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்கவில்லை. காது உங்களுக்கு மந்தம் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். இப்போது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இதைப் படித்து உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். படிக்காமலே உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதைவிடப் பயம். சனிக்கிழமை உங்கள் மகனோடு நானும் வருகிறேன். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் இருப்பேன். திட்டுவதாக இருந்தால் என் முகத்தைப் பார்த்தே திட்டுங்கள். துணி உங்கள் கைக்குத் தெரியும் என்பதால் ஒரு பட்டையை இதோடு வைத்திருக்கிறேன்."

எழுதி முடித்தபோதுதான், சனிக்கிழமை தானும் போகிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. தாளை ஜெரால்டிடம் கொடுத்தாள். அவன் படித்தான். ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினான்.

"ரெண்டு டிக்கெட் போடணும்," என்றான்.

"போடுங்க."

சமையலறையிலிருந்து பாண்டிமீனா எட்டிப் பார்த்தாள். "அக்கா, நான் பிரிக்க ஆரம்பிக்கவா?"

"பிரி. வெள்ளை எதையும் தரையில விடாத."

ஸ்யாமளா வந்து, மேசையிலிருந்த ஒரு வெள்ளைப் பட்டையை எடுத்துச் சுருக்கம் போக இஸ்திரி போட்டு, நான்காக மடித்துக் கொடுத்தாள்.

தபாலாபீஸுக்கு நடை பத்து நிமிடம். யுனிவர்சிட்டிப் பக்கம் போகிற பஸ் ஒன்று அவளை உரசுகிற மாதிரி ஹாரன் அடித்துப் போனது. அவள் காதில் விழவில்லை. கவுண்டரில் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். தன் முறை வந்ததும் உறையை நீட்டினாள். உள்ளே இருந்தவர் அதை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, துணியா இருக்கு?"

"கடுதாசியும் ஒரு துண்டுத் துணியும்."

"வாய் ஒட்டலையே. அந்தா பசை இருக்கு, நல்லா ஒட்டிக் குடுங்க."

பசை டப்பாவில் காய்ந்த பிரஷ் கிடந்தது. ஹெப்சிபா அதை உதறி, மடிப்பின் நீளம் முழுக்கத் தடவினாள். உறையின் வாயை மூடி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அமுக்கிக்கொண்டே போனாள். இனி ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. முகவரியை இன்னொரு முறை படித்தாள். திருமதி மரியம்மாள் இன்பசேகரன்.

அவர் எடைபோட்டார், ஸ்டிக்கரை ஒட்டினார்.

"சனிக்கிழமை போய்ருமா சார்?"

"போகணும்."

"காலையிலயா, சாயங்காலமா?"

"அது அந்த ஊரு தபால்காரரு வண்டியைப் பொறுத்ததும்மா," என்றபடி அவர் உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டு, அடுத்தவருக்குக் கை நீட்டினார்.